கீசர் தண்ணீரை முழுதாக வடிப்பது எப்படி?

உப்புத்தண்ணி: வேளச்சேரியில் வாடகை வீடு. போர் தண்ணீர்தான். சுவரில் மாட்டிய 15 லிட்டர் கீசர் சூடாக ரொம்ப நேரம் எடுக்கிறது, உள்ளே கடகடவென்று சத்தம். ஷவரில் வெள்ளைத் துகள் அடைக்கிறது. வடித்துவிடலாம் என்று கீசருக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. காலியாகிவிட்டதா?

ஸ்பேனர்: இல்லை, தொட்டி நிறைய இருக்கிறது. பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும். சுடுதண்ணீர் தொட்டியின் மேல்பகுதியிலிருந்து வெளியே போகும். புதுத் தண்ணீர் உள்ளே வந்து தள்ளினால்தான் வெளியே வரும். அதனால் வடிப்பதும் உள்ளே வரும் வழியாகத்தான். மின் பெட்டியில் கீசருக்கான எம்சிபி சுவிட்சை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். காக் மூடியே இருக்கட்டும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போகும். அப்புறம் பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வின் லீவரைத் தூக்குங்கள், கீழே பக்கெட் வைத்து.

உப்புத்தண்ணி: லீவர் அசையவே இல்லை.

ஸ்பேனர்: உப்பு பிடித்து இறுகியிருக்கும். தட்டித் திறக்க வேண்டாம். ஹோஸை மட்டும் கழற்றினாலும் வடியாது, வால்வுக்குள் இருக்கும் ஒருவழி அடைப்பு தடுத்துவிடும். வால்வையே கழற்றினால் தண்ணீர் வடிந்துவிடும், பிறகு புதிது போடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு அழுத்தம் ஏறினால் தொட்டியைக் காப்பாற்றுவது அதுதான். அதில் காசு பார்க்காதீர்கள்.

மாடிவீடு: வடித்தால் துகள்தான் போகும், சத்தம் போகாது. அது தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் ஒட்டிய உப்பு ஓடு. எலக்ட்ரீஷியனை வைத்து அடித்தட்டைக் கழற்றி, காயிலைச் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும். பக்கத்தில் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே வைத்தது. அதையும் பாருங்கள். வாடகை வீடு என்பதால் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

உப்புத்தண்ணி: முடிந்தது. மெக்னீசியம் கரைந்து நடுவிலிருந்த இரும்புக் கம்பிதான் மிச்சம். அதையும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் வால்வையும் மாற்றியாயிற்று. சத்தம் இல்லை. ஆனால் சூடாகும்போது புது வால்வில் லேசாகச் சொட்டுகிறதே?

ஸ்பேனர்: சூட்டில் தண்ணீர் விரிகிறது, அதுதான். வால்வின் வாயை அடைத்துவிடாதீர்கள். அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால் வால்வு சரியில்லை, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். இனி எப்போது வடித்தாலும், குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் காயில் கருகிவிடும்.