புரட்டாதியில் காட்டுக்குப் போன நாள்: சம இராப்பகலும் பனம்பழமும் (அனுபவப் பகிர்வு)

ஒட்டுசுட்டானிலிருந்து:

பகலும் இரவும் சமமாக வரும் நாள் என்று சொல்லப்படும் செப்டெம்பர் 22 அல்லது 23 ஆம் திகதியில் காட்டோரம் போய் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வருவது எங்கள் வீட்டில் பழகிப்போன காரியம். புவியியல் படிப்பித்த பெரியப்பா அதைத் தொடக்கிவைத்தார். வற்றிய குளத்தின் அலைகரையில் ஆறடித் தடியொன்றை நட்டு, உச்சிப்பொழுதில் நிழலை அளக்கச் சொல்வார். ஆகஸ்ட் கடைசியில் தலைக்கு நேர்மேலே நின்று நிழலைக் காலடிக்குள் அடக்கிவிட்ட சூரியன், அன்றைக்குத் தெற்கே சரிந்து, வடக்குப் பக்கமாக ஏறக்குறைய ஓரடி நிழலை விழுத்தியிருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது நிழலைப் பற்றியல்ல. அப்படியொரு நாளில் விடியுமுன்னரே கடகத்துடன் பனங்கூடலுக்குப் போயிருந்தேன். பிந்தினால் மாடுகள் சூப்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ரோச் மங்கிவிட்டதால் கையால் தடவித் தடவிப் பொறுக்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ பழத்தைத் தூக்கியபோது உருண்டையும் தும்பும் பனம்பழ வாசமும் எல்லாம் சரியாக இருந்தன, சூடு மட்டும் பொருந்தவில்லை. அது யானை இலத்தி. நிமிர்ந்து பார்த்தபோது இருபது அடிக்கு அப்பால் காதுகள் அசைந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு பழம் மேலேயிருந்து கழன்று, எங்களிருவருக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது. யார் முதலில் எடுப்பது என்று இருவருமே காத்து நின்றது போலிருந்த அந்தச் சில நொடிகளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மல்லாவியிலிருந்து:

அனுபவம் நல்லது, ஆனால் எங்கள் முன்னோர் இந்தத் திகதியைக் கொண்டாடினார்கள் என்று அடுத்தவர் யாரும் எழுதிவிட வேண்டாம். நம்மவர் கணக்கில் உள்ளது, சூரியன் துலா ராசிக்குள் புகும் ஐப்பசி விஷு. அது ஒக்டோபர் நடுப்பகுதியில் வருகிறது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்ல மெல்லச் சுழன்று திசை மாறுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இன்றைக்கு 24 நாள் அளவுக்குப் பிரிந்து நிற்கின்றன. அன்றைக்குப் பகலும் இரவும் சரிபாதி என்பதும் முழு உண்மையல்ல. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல்விளிம்பு தெரிவதையே உதயம் என்று கொள்வதாலும், வன்னியில் அன்றைய பகல் 12 மணித்தியாலத்தை விடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே இருக்கும். சூரியன் எப்போதும் சரியாக 12 மணிக்கே உச்சிக்கு வருவதில்லை, ஆகவே கடிகாரத்தில் 12 மணி அடித்தவுடன் நிழலை அளந்திருந்தால் அதுவும் பிழை.

என் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பனாட்டுப் போடப் பனங்களியைப் பிசைந்து வடித்துப் பாயில் ஊற்றி, ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படை ஊற்றுவார். ஐப்பசி மழை தொடங்குமுன் கிடைக்கும் கடைசி வெயில் புரட்டாதி வெயில்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வருடம் நாலாம் படை ஊற்றிய இரவில் மழை முந்திக்கொண்டது. விடிய எழுந்து பார்த்தபோது முற்றம் முழுவதும் மஞ்சளாக ஓடியிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நெடுங்கேணியிலிருந்து:

மீளக்குடியமர்ந்த முதல் வருடத்துப் புரட்டாதியில் விளாம்பழம் தேடிக் காட்டுக்குள் போனோம். அப்பு காட்டு வாசலில் வழக்கம்போலக் குழை முறித்து ஐயனாருக்கு வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். பாலையும் முதிரையும் கடந்த பிறகு சிவப்புப் பலகை வந்தது. மண்டையோட்டுப் படத்தின் கீழே ‘மிதிவெடி’ என்று எழுதியிருந்தது. பலகைக்கு அப்பால் பத்தடியில் ஒரு விளாமரம் நின்றது. அதன் கீழே நிலம் தெரியாத அளவுக்குப் பழங்கள் கிடந்தன. எங்கள் பக்கத்தில் கிடைத்த ஒரே பழத்தை உடைத்தால், யானை விழுங்கிய விளாம்பழம் போல உள்ளே ஒன்றுமில்லை. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே இன்னொன்று விழுந்தது.

கிளிநொச்சியிலிருந்து:

‘வேழம் உண்ட விளாங்கனி’ என்பதில் வரும் வேழம் யானையல்ல, விளாம்பழத்தின் உட்சதையை அழிக்கும் ஒரு நோய் என்று பொருள் சொல்வாரும் உண்டு. யானை ஓட்டை உடைக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் எப்படித் தின்னும் என்று ஒருமுறை யோசியுங்கள்.

நானும் இரணைமடுப் பக்கம் ஒருமுறை கரடியைக் கண்டிருக்கிறேன்; அது தன் பாட்டில் போய்விட்டது. அதைவிட முக்கியமாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டான் நண்பர் செய்தது பெரும் பிழை. யானை நடமாடும் இடத்தில் நிலம் வெளிக்குமுன் போகக்கூடாது; தனியாகப் போகவே கூடாது. போனால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முதலில் பாருங்கள், உங்கள் மணம் அதற்குப் போகுமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கும். இலத்தி சூடாக இருந்தால் அடுத்த பழத்தைத் தேடாமல், வந்த வழியே திரும்புங்கள். மிதிவெடிப் பலகையைப் பொறுத்தவரை, பலகை விழுந்திருக்கலாம், மழை அடித்துச் சென்றிருக்கலாம், ஆகவே பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடமென்று எண்ண வேண்டாம். ஆட்கள் வழக்கமாக நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு போங்கள், புரட்டாதியில் துரவுகளில் ஒன்றும் இருக்காது.

ரொறன்ரோவிலிருந்து:

இங்கே இந்தக் கிழமை மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கும். பிள்ளைகளுடன் அப்பிள் பிடுங்கப் போனோம். தோட்டத்தில் ஒரு பழம் புல்லில் விழுந்த சத்தம் கேட்டு நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: அந்தப் பனம்பழத்தை யார் எடுத்தது?

ஒட்டுசுட்டானிலிருந்து:

மல்லாவி நண்பருக்கு: பொதுவாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் இலங்கை நேரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுவது, நாங்கள் அதற்குச் சற்று மேற்கே இருக்கிறோம். அதனால் பிந்தும் ஏழு நிமிடத்தை, அந்த நாட்களில் சூரியன் கடிகாரத்தை முந்தும் ஏழு நிமிடம் ஈடுசெய்துவிடுகிறது. பெரியப்பா 12 மணிக்கு அளந்தது தெரிந்துதான்.

ரொறன்ரோ அக்காவுக்கோ அண்ணாவுக்கோ: இருவருமே எடுக்கவில்லை. அது மெல்லத் திரும்பிக் காட்டுக்குள் போனது, நான் கடகத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வெயில் ஏறிய பிறகு கடகத்தை எடுக்கப் போனபோது மாடு சூப்பிப் போட்ட மூன்று கொட்டைகள் அந்த இடத்தில் கிடந்தன. கொண்டுவந்து பாத்தியில் வைத்தேன். தையில் கிழங்கு கிண்டியபோது அவை எவை என்று அடையாளம் தெரியவில்லை.