கன்டெய்னர் வாங்குவதற்கு முன் அந்தத் தகட்டைப் பாருங்கள்

புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கிச் சாமான்களைப் போட்டுவைத்து, வேறு நாட்டுக்கு மாறும்போது அப்படியே கப்பலில் ஏற்றிவிடலாமா? நானும் அந்த எண்ணத்தில்தான் வாங்கினேன். மழை, காற்று எதுவும் உள்ளே வராது என்று விற்றவர் சொன்னது உண்மைதான். இரண்டு வருடம் சாமான்கள் பத்திரமாக இருந்தன. அனுப்பும் நேரத்தில் முகவர் வந்து கதவில் இருந்த தகட்டைப் படித்தார், முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் இறக்கி வேறு கன்டெய்னரில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அந்தத் தகட்டின் பெயர் சி.எஸ்.சி. தகடு. கன்டெய்னர் பாதுகாப்புக்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கைப்படி வருவது. தயாரித்து 5 ஆண்டுக்குள் முதல் பரிசோதனை, பிறகு 30 மாதத்துக்குள் ஒருமுறை நடந்திருக்க வேண்டும். தேதிக்குப் பதில் ஏ.சி.இ.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது தொடர் பரிசோதனைத் திட்டத்தில் உள்ளது என்று பொருள். வெறுமனே சாமான் வைக்க மட்டும் என்றால் தகடு காலாவதியானாலும் பரவாயில்லை, விலையும் குறையும். கப்பலுக்கு என்றால் 'கார்கோ வொர்த்தி' (சரக்கு ஏற்றி அனுப்பத் தகுதியானது) என்ற தரத்தையே கேளுங்கள்.

அளவில் குழம்ப வேண்டாம். 20 அடி கன்டெய்னர் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும், 40 அடி சுமார் 67. பெரும்பாலான குடும்பங்களுக்கு 20 அடியே போதும். 'ஹை கியூப்' என்றால் ஓர் அடி உயரம் கூடுதல்.

படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். சந்தை விலையைவிட மிகவும் குறைத்துச் சொல்லி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் மோசடிகள் இந்த வியாபாரத்தில் உண்டு. நேரில் போய், உள்ளே நின்றுகொண்டு, கூட வந்தவரை வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். அப்புறம் தரையை முகர்ந்து பாருங்கள். பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், முன்பு ஏற்றிய சரக்கின் எண்ணெயோ ரசாயனமோ ஊறியிருக்கலாம். மெத்தை, துணிமணிகளை நேராகத் தரையில் வைக்கவே கூடாது. வெளியே மேலாகப் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உதிர்கிறதா, கதவு ரப்பர் வெடித்திருக்கிறதா, அடியிலுள்ள குறுக்குச் சட்டங்கள் அரித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஓட்டை இல்லாத கன்டெய்னரிலும் ஈரம் வரும். பகலில் சூடான காற்று இரவில் குளிர்ந்து, கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள், காற்றுத் துவாரங்களை மறைக்காதீர்கள்.

இடம் வாடகை என்றால் உரிமையாளரிடமும் உள்ளூர் நிர்வாகத்திடமும் முதலிலேயே அனுமதி கேளுங்கள். கன்டெய்னரின் பாரம் நான்கு மூலைகளில்தான் இறங்கும், அங்கே உறுதியான கட்டைகளை மட்டம் பார்த்து வையுங்கள். மட்டம் தவறினால் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு திறக்காது. லாரி சரித்து இறக்குவதற்கு, கன்டெய்னரைவிட இரு மடங்குக்கும் மேல் நீளமான நேர்வழி வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை விற்பவரின் யார்டில் லாரியில் ஏற்றும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், இறக்கிய பிறகு திருப்ப கிரேன்தான் வர வேண்டியிருக்கும்.