சங்க இணையதளம்: உறுப்பினர் பதிவு டேபிள் பற்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

சார்ஜாத் தம்பி அனுப்பிய பதிவுப் படிவத்தைப் பார்த்தேன். கோபுரப் படமும் நிறமும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நான்கு நாளாக எல்லோரும் நிறத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். படிவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் விவரங்களைச் சேமித்துவைக்கும் அட்டவணையை, அதாவது டேபிளை, ஆட்கள் பதிந்த பிறகு மாற்றுவதுதான் பெரும்பாடு. தம்பி இணைத்திருக்கும் டேபிள் இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கிற ஒரு பொது மாதிரிதான். அதில் நம் ஊர்க்காரர் ஒருவர்கூட ஒழுங்காக அடங்க மாட்டார்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு ஃபீல்டு, இரண்டும் கட்டாயம். நம் மு. கருப்பையா அதில் என்ன எழுதுவார்? துபாயில் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கருப்பையா முருகேசன்; ஆபீஸில் எல்லோரும் அவரை 'மிஸ்டர் முருகேசன்' என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் பிறந்தவர் என்றால் 'சன் ஆஃப்' நடுவில் வரும், மலேசியா என்றால் 'அனாக் லெலாக்கி'. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குக் கருப்பையாவே லாஸ்ட் நேம் ஆகியிருக்கும். ஊரில் இருப்பவர் இன்ஷியலைத் தவிர வேறொன்றும் இல்லாமல் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார். ஆகவே முழுப்பெயருக்கு ஒரே ஃபீல்டு, 150 எழுத்து வரை, அது மட்டும் கட்டாயம். தமிழில் பெயர், அப்பா பெயர், தெரு மூன்றும் தனித்தனி ஃபீல்டு. காவல் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் ஊர் நம்முடையது. அப்பா பெயரும் தெருவும் சொல்லாமல் எந்தக் கருப்பையா என்று பெரியவர்களுக்கே தெரியாது. கம்ப்யூட்டருக்கு அடையாளம், தானாக ஏறிக்கொண்டே போகும் உறுப்பினர் எண் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் மின்னஞ்சல். மாதிரியில் மின்னஞ்சல்தான் லாகின், ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் கொடுக்க முடியாது. தளத்துக்குள் நுழைய அது சரி. ஆனால் ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு மின்னஞ்சல் ஏது? பல வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே முகவரிதான். லண்டன் அண்ணன், மின்னஞ்சலைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டால் போதும் என்று எழுதியிருந்தார். டேபிளை வைத்திருக்கும் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 'யூனிக்' (ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்கு வரக்கூடாது) என்று போட்ட ஃபீல்டில்கூட எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் 'நல்', அதாவது 'மதிப்பே இல்லை' என்று இருக்கலாம், அது உண்மை. ஆனால் படிவத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் போய்ச் சேருவது 'நல்' இல்லை, எழுத்தே இல்லாத வெறும் காலிச் சரம்; அதையும் ஒரு மதிப்பாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். முதல் அப்பத்தா பதிந்துவிடுவார். இரண்டாவது அப்பத்தாவுக்கு 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது' என்று வரும். நிரலில் அதைத் திருத்திவிடலாம்தான். ஆனாலும் வேறு வேறான இரண்டு விஷயத்தை ஒரே டேபிளில் திணிப்பதால் வரும் சிக்கல் அது.

அதனால் நான் சொல்வது இதுதான்: கணக்கு வேறு, ஆள் வேறு, இரண்டு டேபிள். கணக்கு டேபிளில் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, பதிந்த நேரம். உறுப்பினர் டேபிளில் பெயர், தெரு, நாடு, போன், அப்புறம் எந்தக் கணக்கிலிருந்து பதிந்தது என்ற எண். மகன் தன் கணக்கில் நுழைந்து அப்பா, அம்மா, அப்பத்தா எல்லோரையும் சேர்த்துவிடலாம். நாளைக்கு அப்பாவே ஸ்மார்ட்போனில் நுழைய விரும்பினால் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

போன் நம்பருக்கு மாதிரியில் 'இன்ட்', அதாவது முழு எண் வகை என்று இருக்கிறது. அதில் அடங்கும் அதிகபட்ச எண் 2147483647. இந்திய கைபேசி எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையில் தொடங்குபவை. ஒன்றுகூட அதற்குள் வராது. மைஎஸ்க்யூஎல் பழைய அமைப்பில் இருந்தால் பிழை என்றுகூடச் சொல்லாமல் அந்த அதிகபட்ச எண்ணையே எழுதிவைத்துவிடும். ஊர் முழுக்க ஒரே போன் நம்பர்! பெரிய எண் வகைக்கு மாற்றினாலும் முன்னால் வரும் பூஜ்யமும் கூட்டல் குறியும் போய்விடும். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, ஆகவே அது எழுத்தாகவே இருக்கட்டும். 'வார்கார்' 20, அதாவது 20 எழுத்து வரை, நாட்டுக் குறியீட்டோடு.

பாஸ்வேர்டை மறந்தால் செயலாளரே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். செயலாளராலும் பார்க்க முடியாதபடிதான் வைக்க வேண்டும். தளத்தை எழுதும் நிரல்மொழியான பிஎச்பியில், பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றும் 'பாஸ்வேர்டு ஹாஷ்' இப்போது தருவது 60 எழுத்து. பின்னால் முறை மாறலாம் என்பதால் 255 ஒதுக்குவது வழக்கம். மாதிரியில் 32 இருக்கிறது. அது எம்டி5 என்ற பழைய, பாதுகாப்பில்லாத முறையின் காலத்து அளவு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தமிழ் எழுத்தைச் சேமிக்கும் குறியீட்டு முறையாக 'யூடிஎஃப்8எம்பி4' இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு அது போதும், ஆனால் யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு கும்பிடும் கை எமோஜியைப் போட்டால் நான்கு பைட் ஆகி இடித்துக்கொள்ளும். நம் ஆட்கள் போடாமல் இருப்பார்களா? இன்னொன்று, பழைய உறுப்பினர் பட்டியல், ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அப்படியே ஏற்றினால் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். ஏற்றும் முன் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கவும் வேண்டும்.

பிறந்த தேதி கேட்காதீர்கள், பிறந்த வருடம் போதும். பெரியவர்கள் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுவிட்ட மே, ஜூன் தேதிதான் இருக்கும். ஆதார் எண், பாஸ்போர்ட் எண் எதற்கு? திருவிழா வரி வாங்க அவை வேண்டியதில்லை. சாதி என்ற ஃபீல்டு யாரோ கேட்டதாகத் தெரிகிறது. என் கையால் அதைப் போட மாட்டேன். ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதே என்கிறது. அது நம்மைக் கட்டுமோ கட்டாதோ, கசிந்தால் கசிவது நம் வீட்டு விவரம்.

சந்தா, நன்கொடை எல்லாம் இதில் வராது. அதற்குத் தனி டேபிள். பொருளாளர் மாமாவிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

தெருப் பட்டியலை மட்டும் ஊரில் இருக்கும் யாராவது சரிபார்த்து அனுப்புங்கள். புதுக் காலனியை மேலத்தெருவோடு சேர்ப்பதா, தனியாகப் போடுவதா என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டேபிளையும் உருவாக்கித் தம்பிக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
வடக்குத் தெரு, தற்போது சிங்கப்பூர்