சர்க்கரை எல்லையில் நிற்கிறது, வயது 44: மாத்திரைக்கு முன்னால் என்ன செய்யலாம்?

ரோஸ்ஹில்காரி கேட்டது:

வணக்கம். நாங்கள் மொரீஷியஸில் இருக்கிறோம். அண்ணனுக்கு வயது 44. உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்பு 98 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 6.2 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்), மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 விழுக்காடு. அம்மா, அப்பா இருவருக்கும் சர்க்கரை உண்டு. "சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதைக் குறைப்பது, எவ்வளவு நடப்பது என்று தெரியவில்லை. காலையில் தால்பூரி ஒரு ஜோடி, மதியம் சோறு, ராத்திரி சோறு அல்லது ரொட்டி. பாலும் சர்க்கரையும் போட்ட வனிலா டீ நாலு வேளை. உட்கார்ந்து செய்யும் வேலை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமும் இருப்பார். "நம்ம வீட்டு ரத்தம், எப்படியும் வரத்தான் போகுது" என்கிறார். அப்படித்தானா?

முருங்கைக்கீரை:

பரம்பரை உண்மை. எப்படியும் வரும் என்பது உண்மை இல்லை. இதே எல்லையில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்த இந்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. இரண்டையும் சேர்த்தவர்களுக்கும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2002-இல் வந்த ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள். நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது.

அண்ணனுக்கு 7 விழுக்காடு என்றால் 6 கிலோ. ஐந்தாறு மாதத்தில் இறக்க வேண்டிய எடை அது, ஒரு மாதத்தில் இல்லை. அதோடு இடுப்பளவையும் பாருங்கள். நம் உடல்வாகில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் கை வைக்க வேண்டியது டீயில். நாலு டீ, கோப்பைக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 32 கிராம் சர்க்கரை. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள். நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

அடுத்து சோறு. தட்டில் பார்த்து அளவு சொல்ல யாராலும் முடியாது, ஒரு கோப்பையை எடுத்து அளந்து போடுங்கள். வெந்த சோறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. வேளைக்கு ஒரு கோப்பை போதும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை, கால் பங்கு சோறு. பலரும் சறுக்கும் இடம் "காய்" என்ற கணக்கில்தான். உருளைக்கிழங்கு, வாழைக்காய், மரவள்ளி எல்லாம் சோற்றுப் பக்கம் சேர வேண்டியவை. சௌசௌ, வெண்டை, பாகல், கத்திரி, முருங்கைக்கீரைதான் காய்ப் பக்கம். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் தொட்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறையும்.

தால்பூரியின் உள்ளே இருக்கும் பருப்பை நம்பி ஏமாற வேண்டாம், வெளியே முழுக்க மைதா. ஜோடியில் ஒன்றை விட்டுவிட்டு, அவரைக்கொட்டைக் கறியை இரண்டு மடங்கு கேளுங்கள். ராத்திரி ரொட்டி என்றால் 100 கிராம் ரொட்டியில் 50 கிராம் மாவுச்சத்து. ரொட்டியோடு சோறும் வேண்டாம். மாம்பழம், லிச்சி ஒரு கைப்பிடி தவறில்லை. ஜூஸ் மட்டும் வேண்டாம்.

நடை: வாரம் 150 நிமிடத்தை ஐந்து நாளாகப் பிரியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். ஜனவரிக் கோடை வெயிலில் நடுப்பகல் நடை பைத்தியக்காரத்தனம். ராத்திரி சாப்பிட்டு அரை மணிக்குள் 15 நிமிடம் நடப்பது தனியாகப் பலன் தரும். வேலை செய்யும் தசை அப்போது ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 12 தடவை வீதம் மூன்று சுற்று. கையால் பிடிக்காமல் எழ வேண்டும். நடையோடு விட்டுவிடுகிறவர்கள் எடையோடு சேர்த்துத் தசையையும் இழக்கிறார்கள்.

மொக்கா மலை:

எல்லாம் சரி. ஆனால் முழுப் பொறுப்பையும் அண்ணன் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இங்கே பெரும்பாலும் பனை எண்ணெயாக இருந்த ரேஷன் சமையல் எண்ணெயை 1987-இல் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992-இல் பார்த்தபோது நாட்டு மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆகியிருந்தது. யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை, வாங்கிய எண்ணெய் மாறியது, அவ்வளவுதான்.

வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். அவருக்கு மட்டும் தனிச் சமையல் வைத்தால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். வீடு முழுக்க ஒரே பானை, ஒரே அளவுக் கோப்பை. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சோடா வீட்டுக்குள் வரவே வேண்டாம். 330 மில்லி டின் ஒன்றில் 35 கிராம் சர்க்கரை.

முருங்கைக்கீரை:

ஒரே பானை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய்க் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது, மலை. அதே ஐந்து வருடத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியது, உடல் பருமன் ஏறியது. எண்ணெயின் வகையை அரசாங்கம் மாற்றலாம். எத்தனை கரண்டி என்பது அடுப்படியில்தான் முடிவாகும்.

ரோஸ்ஹில்காரி:

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கலாமா? விரதம் இருக்கலாமா?

ஆய்வகத்து ஆள்:

மெஷின் நோயைத் தீர்மானிக்க இல்லை. 15 விழுக்காடு முன்பின் காட்டலாம் என்பதால் 6.2 இருக்கும் ரத்தத்துக்கு 5.3-உம் வரலாம், 7.1-உம் வரலாம். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று கற்றுக்கொள்ள இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், போதும். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. பின்னது 7.8-க்குக் கீழே இருக்க வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பொய்யாக ஏற்றிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரத்தில் கெட்டுவிடும்.

மூன்று மாதம் கழித்துச் செய்யும் டெஸ்ட்டில் நடக்கும் வழக்கமான தில்லுமுல்லு ஒன்று: முந்தின வாரம் மட்டும் சோற்றை நிறுத்துவது. வெறும் வயிற்று அளவு அதில் ஏமாறலாம். சிவப்பணு 120 நாள் வாழ்வதால் எச்பிஏ1சி அவ்வளவு எளிதில் ஏமாறாது. ஆனால் அதற்கும் குறை உண்டு: இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் அது கூடுதலாகக் காட்டும். இரண்டு டெஸ்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் டாக்டரிடம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்ட்டைக் கேளுங்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு, ராத்திரியிலிருந்து 8 மணி நேரம் தண்ணீர் மட்டும். இரண்டாம் மணி அளவு 7.8-இலிருந்து 11.0 வரை இருந்தால் இன்னும் எல்லையில்தான் நிற்கிறார்.

விரதம் இருக்கலாம். மாத்திரை எடுக்காதவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவு இறங்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் என்றால் சிக்கல் அந்த வேளையில்: மூன்று வேளைச் சோறும் அதில் ஏறிவிடும், வாழைப்பழம், பாயசம் வேறு. சைவம் என்பதால் மாவுச்சத்து குறைந்துவிடாது. வாழை இலையில் ஏழு கறி வைத்தாலும் சோறு அதே ஒரு கோப்பைதான். காவடி அன்று வெயிலில் வெறுங்காலோடு நடப்பதால் தண்ணீர் குடிக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பின்னாளில் சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தால் கதை வேறு; பட்டினியோடு அது சேர்ந்தால் மயக்கம் வரலாம், டாக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது.

ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். வீட்டில் 135/85-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

தாகம் அடங்காமல் இருந்தாலோ, ராத்திரி அடிக்கடி சிறுநீருக்கு எழுந்தாலோ, முயற்சி செய்யாமலே எடை இறங்கினாலோ, மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போங்கள்.