இரட்டை முனை ரேசருக்கு மாறப் போகிறேன், கழுத்துக்கு எப்படிப் பழகுவது?

லாஸ்பேட்டை வாசி:
வணக்கம். எனக்குத் தாடி முடி சுருள். மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்தால் மறுநாளே கழுத்தில் சிவப்பாகக் கொப்புளம் கிளம்புகிறது. காலர் உரசினால் எரிச்சல் தாங்கவில்லை. பழைய மாதிரி பிளேடு மாட்டும் ரேசருக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் மூன்று துண்டாகக் கழற்றுவது ஒன்று, மேலே இறக்கை மாதிரி திறப்பது ஒன்று பார்த்தேன். எதை வாங்கலாம்? வெட்டிக்கொள்ளாமல் எப்படிப் பழகுவது?

மஞ்சக்குப்பம் சலூன்காரர்:
தாராளமாக மாறுங்க தம்பி. கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுக்கும். அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். சுருள் முடி திரும்ப வளரும்போது வெளியே வராமல் வளைந்து தோலையே குத்தும். கொப்புளம் அதுதான். சீழ் கட்டியிருந்தால் முதலில் தோல் டாக்டரைப் பாருங்க, ஆறின பிறகு ரேசரைத் தொடலாம்.

மூன்று துண்டு ரேசரையே வாங்குங்க. நம்ம கடலோரக் காற்றில் எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழற்றிக் கழுவி உதறி வைக்க அதுதான் வசதி, இறக்கை வகையில் உள்ளே சோப்பு அடைந்துகொள்ளும். பிளேடைப் பற்றிக் கவலை வேண்டாம். கிங் ஜில்லெட் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்றைக்கு எந்தக் கம்பெனி இரட்டை முனை பிளேடும் இந்த ரேசர்களில் உட்காரும். சலூனில் நாங்கள் பாதியாக உடைத்து மாட்டுவதும் இதே பிளேடுதான். ஆரம்பத்தில் ஜப்பான் ஃபெதர் வேண்டாம், கூர்மை அதிகம். செவன் ஓ கிளாக், அஸ்ட்ரா மாதிரி ஒன்றை எடுத்துக் கொஞ்ச நாள் அதிலேயே இருங்க. ரேசர், பிளேடு, கிரீம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் எதனால் வருகிறது என்று தெரியவே தெரியாது.

அழுத்தவே கூடாது. ரேசரின் கனமே வெட்டும். தலைப்பகுதியைக் கன்னத்தில் படுக்க வைத்து, கைப்பிடியை மெல்ல இறக்குங்க. பிளேடு முடியைப் பிடிக்கிற சாய்வு, சுமார் 30 டிகிரி, அதை விடாமல் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக இழுங்க.

இனி கழுத்து. அதை ரெண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பாருங்க. வழுவழுப்பாகப் போகிற திசைதான் முடியின் வாட்டம். நிறையப் பேருக்குக் கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும், தொண்டைக்குக் கீழே மேல்நோக்கியோ குறுக்காகவோ திரும்பிவிடும். என் நாற்காலியில் உட்காருகிறவர் யாரானாலும் நான் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான். வாட்டத்தோடு ஒரே ஒரு தடவை இழுத்து விட்டுவிடுங்க. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், இருக்கட்டும். உங்கள் முடிக்கு ரிவர்ஸ் வேண்டவே வேண்டாம். குரல்வளை மேட்டில் தோலைப் பக்கத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்க.

முத்தியால்பேட்டை:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் கடினம். அதில் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், நுரை நிற்காது. ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் பிரஷை நனைத்து, பாதாம் அளவு கிரீமைக் கிண்ணத்தில் குழைத்துப் பாருங்கள், தயிர் போல வரும். பிரஷ் செயற்கை நாரில் வாங்குங்கள், ஈரம் சீக்கிரம் காயும். குளித்த கையோடு ஷேவ் செய்தால் முடி இளகியிருக்கும்.

லாஸ்பேட்டை வாசி:
ரொம்ப நன்றி. படிகாரம் கட்டாயமா? அப்புறம், பழைய பிளேடை என்ன செய்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் சலூன்காரர்:
கட்டாயமில்லை. குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுப் படிகாரத்தை ஒரு தடவை தேய்த்தால் சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். எங்காவது சுரீர் என்றால் அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்த முறை அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்க. பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீங்க தம்பி, குப்பை பிரிக்கிறவர்கள் கையைக் கிழித்துவிடும். பால் பவுடர் டின் மூடியில் ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளுங்க. நிரம்பினதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, உள்ளே பிளேடு என்று மேலே எழுதி, குப்பை வண்டிக்காரர் கையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்க.