மினியேச்சர் குதிரை வளர்க்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வாசல்திண்ணை எழுதியது:

வணக்கம். தெரிந்தவர் ஒருவர் வீடு மாறுகிறார், தன்னிடம் இருக்கும் மினியேச்சர் குதிரையை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன், கொண்டுபோங்கள் என்கிறார். பெண் குதிரை, 12 வயதாம், 34 அங்குல உயரம், எடை ஏறக்குறைய 100 கிலோ. போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகள் (9 வயது) வேறு பேச்சே பேசுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் நல்ல பச்சைப் புல்லோடு இடம் சும்மா கிடக்கிறது, ஒரு பெரிய நாயும் இருக்கிறது. நாய்க்கு ஆவதுபோல இரண்டு மடங்கு ஆகும், அவ்வளவுதானே என்று நான் கணக்குப் போட்டேன், மனைவி சிரிக்கிறார். வளர்த்தவர்கள் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள். மகள் ஏறி ஓட்டலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள், அவளுடைய முதல் கேள்வியே அதுதான்.

கொட்டகைக்காரன் எழுதியது:

உங்கள் மனைவி சரியாகத்தான் சிரித்திருக்கிறார். என்னிடம் இரண்டு இருக்கின்றன, பதினோரு ஆண்டுகளாக. வாங்கிய விலை இப்போது எனக்கு நினைவில்கூட இல்லை.

தீனிச் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்புல், அதாவது 100 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ. அதோடு உப்புக்கட்டி, எந்நேரமும் சுத்தமான தண்ணீர். தானியம் பெரும்பாலும் தேவையே இல்லை. இடிக்கிற இடம் வேறு. உருவம் சிறியது என்று யாரும் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். குளம்பு சீவுகிறவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும், அவர் பெரிய குதிரைக்கு வாங்குவதைத்தான் இதற்கும் வாங்குவார், குனிய வேண்டியிருக்கிறதே என்று முனகிக்கொண்டே. மருத்துவர் வந்துபோகும் கட்டணமும் அப்படித்தான். ஆண்டுக்கொரு முறையாவது பல் பார்க்க வேண்டும். இவற்றின் தாடை சிறிது, பற்கள் அந்த அளவுக்குச் சிறியவை அல்ல, அதனால் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கும், மேல் வரிசையும் கீழ் வரிசையும் பொருந்தாமல் போகும். அப்புறம் டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகள். குடற்புழு மருந்தை எடை பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள், பெரிய குதிரைக்கான குழலை முழுதாக அழுத்தினால் இது தாங்காது.

இன்னொன்று, ஒற்றைக் குதிரை நிம்மதியாக இருக்காது. அது கூட்டத்தில் வாழ்கிற பிராணி, நாயோ நீங்களோ அதற்குத் துணை ஆக முடியாது. ஆகவே உங்கள் கணக்கை முதலிலேயே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வயதைத் தாண்டியும் இருக்கும். உங்களுக்கு வருவது 12 வயதில் என்றால், மகள் படித்து முடித்து வீட்டைவிட்டுப் போன பிறகும் லத்தி அள்ளப்போவது நீங்கள்தான்.

நாலுகால் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் "நல்ல பச்சைப் புல்லோடு இடம்" என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் புல்வெளியில் அவிழ்த்துவிட்டேன், நாள் முழுக்க மேய்ந்தது, ஆள் தளதளவென்று ஆனது, பிடரிக்குக் கீழே கழுத்தில் மேடு தட்டியது, தொட்டால் கெட்டியாக இருக்கும், எவ்வளவு கம்பீரம் பார் என்று வந்தவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் போனால் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நிற்கிறது. கூப்பிட்டால் வரவில்லை. ஒரு அடி வைத்தது, சுடுமணலில் கால் வைத்தவன்போல உடனே எடுத்துக்கொண்டது. குளம்பில் கை வைத்தேன், கொதித்தது. குளம்புக்கு மேலே பின்பக்கம் விரலை வைத்தால் நாடி திம் திம் என்று அடிக்கிறது. லாமினைட்டிஸ். குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் திசு வீங்கி விடுபட ஆரம்பிக்கிற நோய், முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். எக்ஸ்ரே, வலி மருந்து, காலுக்கு மெத்தை, பல மாதம் கொட்டகைக்குள்ளேயே, அந்த ஒரு பில்லில் இன்னும் நாலு குதிரை வாங்கியிருக்கலாம்.

சரி, கொழுத்துவிட்டதே என்று பட்டினி போட்டு இளைக்க வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. இந்த இனம் திடீரென்று தீனியை நிறுத்தினால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமாக இறங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. தராசில் நிறுத்து, சர்க்கரை குறைய உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை வைப்பதுதான் வழி. மேய விடுகிற நேரத்துக்கு வாய்க்கூடை போட்டுவிடுவேன். கண்ணை நம்பாதீர்கள், குளிர்காலத்து ரோமம் அடர்த்தியாக இருந்தால் உள்ளே எலும்பா கொழுப்பா என்றே தெரியாது. வாரம் ஒருமுறை விலாவில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். லேசாக அழுத்தினாலே எலும்பு தட்டுப்பட வேண்டும்.

சேணம் எழுதியது:

உங்கள் மகளுக்குக் கெட்ட செய்தி. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் சேணத்தையும் சேர்த்து. 100 கிலோவுக்கு 20 கிலோ. 9 வயதுப் பிள்ளை அதைத் தாண்டியிருப்பாள். ஆனால் கயிறு பிடித்துக் கூட்டிப்போகலாம், சிறிய தடைகளைத் தாண்டப் பழக்கலாம், பழக்கிவிட்டால் சின்ன வண்டியில் பூட்டலாம். பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால்கூட இழுக்கும், சமதரையில் நல்ல சக்கரமாக இருந்தால்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். பெரிய குதிரையைக் கண்டால் ஒதுங்குகிற நாய் இதைத் துரத்தும், இது ஓடினால் இன்னும் துரத்தும். எங்கள் வேலியில் கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் குதிரை தலையை நுழைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். கம்பிவலை வேலியே போடுங்கள், தரையோடு ஒட்டி.

வாசல்திண்ணை எழுதியது:

நன்றி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கிற நிலை இனி எனக்கு வராது போல. நேற்று மறுபடி போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது. முன் குளம்பின் நுனி செருப்பு மூக்குபோல மேலே வளைந்திருக்கிறது, எப்போது சீவினார்கள் என்று கேட்டால் "போன வருஷம்" என்கிறார். இன்னொரு விஷயம், அங்கே காயடித்த ஆண் ஒன்றும் நிற்கிறது, அதையும் யாராவது கொண்டுபோனால் சரி என்கிறார். மூலையில் கோழித்தீவன மூட்டை ஒன்று பிரித்துக் கிடந்தது, இவை அதையும் தின்னுமாம்.

கொட்டகைக்காரன் எழுதியது:

கோழித்தீவனத்தை முதலில் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே. சிலவற்றில் மோனென்சின் கலந்திருக்கும், கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தவை என்றால் பிரிக்காமல் எடுப்பது நல்லதுதான். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் செலவில் ஒரு குதிரை மருத்துவரைக் கூட்டிப்போய்க் குளம்பை எக்ஸ்ரே எடுங்கள், பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆணை எப்போது காயடித்தார்கள் என்றும் கேளுங்கள். சமீபத்தில் என்றால் பெண்ணுக்குச் சினை இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள், 11 மாதம் சுமக்கும், இந்த இனத்தில் பிரசவம் சிக்கலாவது சகஜம். எக்ஸ்ரே படம் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.