ஏதென்ஸ் ஆந்தைக் காசு: பக்கவாட்டு முகத்தில் கண் மட்டும் ஏன் நேராகப் பார்க்கிறது?

சாட்ஸ்வர்த் பையன்:
வணக்கம். பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸின் நாலு திராக்மா (அந்தக் காலப் பண அலகு) வெள்ளிக் காசில் ஒரு பக்கம் ஆந்தை, மறுபக்கம் அத்தேனா தெய்வத்தின் முகம். அந்த முகம் பக்கவாட்டில்தான் இருக்கிறது, ஆனால் கண் மட்டும் முழுசாகத் திறந்து நம்மையே பார்க்கிறது. பார்த்தினான் கோயிலில் குதிரைகளை அவ்வளவு உயிரோடு செதுக்கிய ஊரில் ஒரு கண்ணை ஒழுங்காக வெட்ட ஆள் இல்லையா? சிசிலித் தீவில் இருந்த கிரேக்க நகரமான சிராக்கூஸின் அதே நூற்றாண்டுக் காசுகள் எவ்வளவு அழகு! தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அண்ணன்:
ஆள் இருந்தார்கள் தம்பி, வேண்டுமென்றே மாற்றாமல் விட்டார்கள். ஏதென்ஸுக்குப் பக்கத்து லாரியன் சுரங்க வெள்ளியில் அடித்த இந்த 17 கிராம் காசு எகிப்து வரை செல்லுபடியானது. அங்கே இருக்கிற வியாபாரிக்குப் பழகிய முகம்தான் நம்பிக்கை, கண்ணைத் திருத்தினால் கள்ளக்காசோ என்று யோசிப்பான். கிமு 350 வாக்கில்தான் கண் பக்கவாட்டுக்கு வந்தது. எனக்கு அந்தப் பழைய கண்தான் பிடிக்கும்.

லெனேசியா அக்கா:
நான் நகை வேலை செய்கிறவள், அதனால் சிராக்கூஸ் பக்கம்தான் பேசுவேன். கிமு 400ஐ ஒட்டி கீமோன், யூஐனெட்டோஸ் என்ற அச்சு வெட்டும் கலைஞர்கள் இருவரும் வெட்டிய பத்துத் திராக்மா காசு சுமார் 43 கிராம். அரெதூசா என்ற நீரூற்றுத் தேவதையின் தலையைச் சுற்றி நாலு டால்பின், மறுபக்கம் பாய்ந்து வரும் நாலு குதிரை பூட்டிய தேர். கீமோன் தன் பெயரின் முதல் எழுத்துகளை அவள் நெற்றிப்பட்டியிலேயே வெட்டிவைத்தான், கூந்தல் இழைகளுக்கு நடுவே தேடிப் பாருங்கள், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனையும் அச்சில் இடவலம் மாற்றி, பள்ளமாக வெட்ட வேண்டும். அப்புறம் கீழச்சைப் பட்டடையில் பதித்து, வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சின் தலையில் சம்மட்டியால் அடி. சில காசுகளில் அச்சில் விரிசல் விழுந்த கோடுகூடப் பதிந்திருக்கும். நம் தென்னாப்பிரிக்கத் தங்கக் காசான க்ரூகர் ராண்டில் இருக்கிற மானும் நல்ல வேலைதான், ஆனால் இயந்திரத்தில் ஏராளமாக அடிக்கிற காசில் இவ்வளவு புடைப்பு வராது.

சாட்ஸ்வர்த் பையன்:
நன்றி அண்ணா, அக்கா. ஓர் ஏலப் படத்தில் ஆந்தையின் மேல் ஆழமான வெட்டு இருக்கிறதே, அது சேதமா?

மாரிட்ஸ்பர்க் அண்ணன்:
உள்ளே செம்போ ஈயமோ இருக்கிறதா என்று அந்தக் காலத்திலேயே உளியால் வெட்டிப் பார்த்த தடம் அது. ஏதென்ஸிலேயே கிமு 375/374இல் ஒரு சட்டம் வந்தது: சந்தையில் உட்கார்ந்து காசைச் சோதிக்க ஓர் அரசு அடிமை, போலி என்று தெரிந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிடுவான். வெட்டு விழுந்த காசு ஏலத்தில் மலிவாகவே போகும். வெட்டுக்குள் வெள்ளி தெரிந்தால் தயங்காமல் ஏலம் கேள் தம்பி, ஆனால் விளிம்பில் வார்ப்புக் கோடோ, மேலே சின்னச் சின்னக் குமிழிக் குழிகளோ இருந்தால் விட்டுவிடு, அது அச்சில் அடிக்காமல் வார்த்தெடுத்த போலி.